காரணம் என்ற கட்டம்

புதன்கிழமை காலை 7.52. சத்தம் முதலில் கேட்டது அப்போதுதான் என்று நோட்டில் எழுதியிருந்தது.

மெக்கானிக் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு எண்ணெய்க் கையாலேயே ஒரு பக்கம் புரட்டினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தது. தேதி, நேரம், இடம், திரும்பிய பக்கம், வேகம், சத்தம் எத்தனை என்று ஆறு கட்டங்கள். ஏழாவதாக ஒன்று. அதன் தலையில் 'காரணம்' என்று எழுதி, கீழே முப்பத்தெட்டு வரிக்கும் வெறுமையாக விட்டிருந்தது.

மேசைக்கு எதிரே தங்கையின் கணவர் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை. கைப்பொத்தான்கூட மாட்டியிருந்தது. மடியில் ஒரு குடை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"என்ன மாப்ள இது?"

"சத்தம் வர்ற நேரமெல்லாம் குறிச்சு வச்சேன், மச்சான். உங்களுக்கு உதவியா இருக்குமேன்னு."

"வண்டிக்கு டயரி எழுதறீங்களா? இன்னைக்கு மனசு சரியில்ல, நேத்து தூக்கம் வரலன்னு?"

அவர் சிரித்தார். தன்னைக் கிண்டல் செய்தாலும் கூடச் சேர்ந்து சிரிக்கிற ஆள். அதுதான் மெக்கானிக்குக் கொஞ்சமும் பிடிக்காதது. கோபப்பட்டால் ஒரு மனுஷன் என்றாவது நினைத்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளைக்கு வானிலை அலுவலகத்தில் வேலை. தினமும் ஒரே நேரத்துக்குப் போய், முற்றத்தில் நிற்கிற குழாய்க்குள் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். பூஜ்யம் எழுதி எழுதியே தலை நரைத்துவிட்டது. மெக்கானிக் மனதுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் மழைமானி. இருபத்தொரு வருஷமாக அந்தப் பெயர் உதட்டு வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. தங்கை புருஷன். 'வாங்க', 'போங்க' இல்லாமல் பேச முடியாது. ஆகவே சொல்ல நினைப்பதையெல்லாம் அந்த 'ங்க'வுக்குள்ளேயே வைத்துச் சொல்லப் பழகிக்கொண்டார்.

"குடை எதுக்கு மாப்ள? இன்னைக்கு மழைன்னு உங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்களா?"

"இல்ல, வெயிலுக்கு."

வாசலில் தங்கை கார் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு நின்றாள். வண்டி ஓட்டுவது அவள்தான். மழைமானிக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எழுதத் தெரியும்.

"அண்ணா, அவரை வம்புக்கு இழுத்தது போதும். சாயங்காலத்துக்குள்ள என்னன்னு கண்டுபிடிச்சுடு. நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்பணும். உன் மருமகளுக்குத் திங்கட்கிழமை காலேஜ் திறக்குது. பெட்டி படுக்கையெல்லாம் கட்டியாச்சு."

"மலைக்கா?"

"ஆமா. இந்தச் சத்தத்த வச்சுக்கிட்டு நான் மலை ஏற மாட்டேன்."

"நாப்பத்திரண்டு வளைவு" என்றார் மழைமானி.

"ஒவ்வொண்ணுலயும் இறங்கி நின்னு குறிச்சுக்குவீங்களோ?"

"அண்ணா!" தங்கை சாவியை மேசைமேல் வைத்தாள். "வேற எங்கயாவது காட்டலாமான்னு கேட்டாரு. நான்தான் திட்டினேன். எங்க அண்ணன் கை பட்ட வண்டிய இன்னொருத்தன் தொடறதாவது. நீ சரின்னு சொல்லு, நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

"கண்ணத் திறந்தே ஓட்டு."

அவள் சிரித்துவிட்டு மகளுக்குப் போர்வை வாங்கக் கிளம்பிப் போனாள். புருஷனை விட்டுவிட்டுப் போனாள். மெக்கானிக் அதற்காக அவளை மனதுக்குள் ஒரு முறை திட்டிக்கொண்டார்.

வேற எங்கயாவது காட்டலாமா. அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. தண்ணீர் அளக்கிறவன் தன்னை விட்டு வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறான்.

"திரும்பறப்ப டிக் டிக்னு கேக்குது. அவ்வளவுதானே?" என்றார்.

"இடது பக்கம் திரும்பறப்ப மட்டும். வலதுக்கு இல்ல. சத்தம் வலது முன் சக்கரத்துப் பக்கமிருந்து வருது."

"அது ஆக்ஸில் ஜாயிண்ட், மாப்ள. இடதுக்குத் திரும்பினா பாரம் வலதுக்குப் போகும். வலது ஜாயிண்ட் தேஞ்சிருக்கு. இதுக்கு நோட்டு வேண்டாம். காது போதும்."

"ஓ." அவர் நோட்டை வாங்கிப் பிரித்து, பேனாவைத் திறந்தார். "காரணம் கட்டத்துல எழுதிடவா?"

"இன்னும் வண்டியவே தொடலயே. அதுக்குள்ள எழுதுவீங்களா?"

"சரி. பாத்துட்டுச் சொல்லுங்க." மூடிக்கொண்டார்.

இருவரும் வெளியே வந்தார்கள். பட்டறை என்றால் தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்கிற சிமெண்டுத் தரை, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பானர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவம் கறுப்பு பெயிண்டில் வரைந்திருக்கும். எடுத்தது திரும்ப வரவில்லையென்றால் சுவரில் நிழல் மட்டும் நிற்கும். மெக்கானிக்கின் ஏற்பாடு. ஊரில் எந்தப் பட்டறைக்காரனுக்கும் இந்தப் புத்தி கிடையாது என்பது அவருடைய கணிப்பு. பொதுவாக எந்தப் பட்டறைக்காரனுக்கும் எந்தப் புத்தியும் கிடையாது என்பதும் அவருடைய கணிப்புதான்.

மழைமானி காரைச் சுற்றி வந்து வலது முன் சக்கரத்தின் முன்னால் குந்தினார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. வீல் நட்டு எதுவும் லூசா இருந்தா இப்படிச் சத்தம் வருமா?"

 மெக்கானிக் வந்து குனிந்து, சக்கரத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் கப்பை விரல் விட்டுப் பிடுங்கினார். உள்ளே நான்கு நட்டுகள். ஒவ்வொன்றின் முகத்திலும் குறுக்காக ஒரு மஞ்சள் கோடு.

"இது என்ன தெரியுதா?"

"கோடு."

"நட்ட இறுக்கிட்டுப் போடற கோடு. என் கோடு. மஞ்சள்னா நான். இந்தப் பட்டறையில மஞ்சள் கோடு விழுந்திருந்தா அதுக்கப்புறம் அந்த நட்டப் பத்திப் பேச்சே கிடையாது. பதினாறு வருஷத்துல ஒண்ணுகூட லூசா இருந்ததில்ல. புரியுதா மாப்ள?"

"புரியுது."

"வேற கலர் இருந்தா நானே உக்காந்து பாத்திருப்பேன்."

கப்பைத் திரும்ப வைத்து உள்ளங்கையால் ஒரு அடி அடித்தார். பொருந்திக்கொண்டது. அவர் மஞ்சளைப் பார்த்தார். நட்டைப் பார்க்கவில்லை.

வேற கலர் என்றால் வெள்ளை. வெள்ளை, ஃபிட்டரின் நிறம். பதினொரு வருஷம் இங்கே வேலை பார்த்த ஆள். போன வாரம் செவ்வாய்க்கிழமை, வாடகை வண்டிக்காரர் ஒருத்தர் வந்து கத்தினார். இங்கே வேலை பார்த்துக்கொண்டு போன வண்டியில் ஒரு நட்டு லூசு. வெள்ளைக் கோடு போட்ட நட்டு. நான் இறுக்கினேன்ணே என்று ஃபிட்டர் ஒன்பது தடவை சொன்னான். அப்போ பேய் வந்து கழட்டுச்சா என்று மெக்கானிக் கேட்டார். இன்னும் நிறையக் கேட்டார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மறுநாள் ஃபிட்டர் வரவில்லை. வரவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இப்போது நான்கு தெரு தள்ளி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அலமாரியிலிருந்து பெட்டி எடுத்துக் கொடுக்கிறானாம். பொருத்தமான வேலை. பெட்டிக்கு நட்டு கிடையாது.

"ஏறுங்க மாப்ள. கேட்டுட்டு வருவோம்."

பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கின் காலி இடம். மெக்கானிக் ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டம் போட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டார். டக். டக். டக்.

"கேக்குதா? இதுதான் ஜாயிண்ட். இது தெரியாதவன் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது."

 மழைமானியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஆக்ஸிலேட்டர விட்டுட்டு ஒரு சுத்து போக முடியுமா?"

"எதுக்கு?"

"ஜாயிண்டுன்னா இழுக்கறப்ப அதிகமா கேக்கணும், காலை எடுத்தா குறையணும்னு எங்க ஆபீஸ் ஜீப் டிரைவர் சொன்னாரு. எங்க வீட்டுச் சரிவுல உங்க தங்கச்சிய காலை எடுத்துட்டு இறங்கச் சொன்னேன். அப்பவும் அதே சத்தம்தான். நோட்டுல இருக்கு. பதினெட்டாவது வரி."

"ஜீப் டிரைவரா?"

"ஆமா."

"அவர்கிட்டயே காட்டியிருக்கலாமே மாப்ள."

காலை எடுக்காமலே இன்னும் இரண்டு வட்டம் போட்டார். டக். டக். மழைமானி விரலை மடக்கி மடக்கிப் பிரித்தார்.

"சக்கரம் ஒரு சுத்து சுத்தினா சரியா ஒரு சத்தம் வருது, மச்சான். டயரைச் சுத்தி டேப் வச்சு அளந்தேன். தெருவுல சாக்பீஸால குறி போட்டு…"

"தெருவுல கோடு போட்டீங்களா?"

"பதினோரு கோடு."

"தங்கச்சி பாத்துட்டிருந்தாளா?"

"அவதானே ஓட்டினா."

மெக்கானிக் வண்டியை நிறுத்தினார். தெருவில் சாக்பீஸோடு ஊர்ந்துபோகிற இந்த மனிதரையும், அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கக்கூடிய அக்கம்பக்கத்தாரையும் நினைத்துப் பார்த்தார். குடும்ப மானம் என்று ஒன்று இருந்தால் அது அன்றைக்கு அந்தத் தெருவோடு போயிருக்கும்.

"உங்களுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும் மாப்ள?"

"ஒண்ணும் தெரியாது, மச்சான். எண்ண மட்டும்தான் தெரியும்."

பட்டறைக்குத் திரும்பியதும் மெக்கானிக் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஜாயிண்டை மூடியிருக்கிற ரப்பர் உறை முழுசாக இருந்தது. கிழிசல் இல்லை. கிரீஸ் தெறித்த கறை இல்லை. சுற்றிலும் காய்ந்த தூசி, கைபடாத தூசி. ஜாயிண்ட் போய்விட்ட வண்டியில் முதலில் கிழிவது அந்த ரப்பர்தான். ஃபிட்டருக்கு முதல் வாரத்தில் அவர் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

ஒரு நிமிஷம் டார்ச்சை அங்கேயே பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். வெளியே இரண்டு பாலிஷ் போட்ட ஷூ தெரிந்தது. நுனி இரண்டும் ஒட்டி, ஒழுங்காக நின்றன.

"என்ன மச்சான், கிழிஞ்சிருக்கா?"

இதையும் அந்த ஜீப் டிரைவர் சொல்லியிருப்பான்.

"உள்ளுக்குள்ளயே தேஞ்சிருக்கு" என்றார் மெக்கானிக். "எல்லாம் வெளிய தெரியாது."

வெளியே வந்து கையைத் துடைத்தார். ஃபிட்டர் இருந்தால் ரப்பரைப் பார்த்துவிட்டு, இது ஜாயிண்ட் இல்லண்ணே என்று சொல்லியிருப்பான் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் விரட்டிவிட்டார்.

"ஒரு வேலை செய்யுங்க மாப்ள. நாலு தெரு தள்ளி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. இந்தச் சீட்டக் காட்டி வலது ஆக்ஸில் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அதுக்குள்ள நான் பழசக் கழட்டி வைக்கறேன்."

"தூக்க முடியுமா மச்சான் அது?"

"குடையத் தூக்கறீங்கல்ல. அத விடக் கொஞ்சம் கனம்."

மழைமானி நோட்டை மேசையில் வைத்து, மேலே பேனாவை வைத்து, அது உருளாதபடி மூடியின் கொக்கியைக் கீழே திருப்பி வைத்தார். குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கினார். மெக்கானிக் தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றார். சனியன் விட்டது. ஒரு மணி நேரமாவது நிம்மதி.

ஆக்ஸிலைக் கழற்ற முதலில் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கி ஏற்றுமுன் நட்டை இளக்கிக்கொள்ள வேண்டும். கப்பைப் பிடுங்கினார். நீளக் கைப்பிடி ஸ்பானரை முதல் நட்டில் மாட்டினார். அவருடைய இறுக்கம் அவருக்குத் தெரியும். கையால் அசையாது. எப்போதும்போல இரண்டு கையாலும் காரைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி, உடம்பின் மொத்த எடையையும் கைப்பிடியின் மேல் இறக்கினார்.

ஸ்பானர் ஒன்றுமில்லாததுபோல் கீழே போனது. கால் தரையில் போய் இடித்தது. முழங்கால் சிமெண்டில் விழுந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. விழுந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, இரண்டாவது நட்டை விரலால் தொட்டார். திருப்பினார். திரும்பியது. மூன்றாவது. திரும்பியது. நான்காவது நட்டு பாட்டில் மூடிபோல இரண்டு சுற்றுச் சுற்றிக் கையோடு வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மஞ்சள் கோடு அழுக்குப்படாமல் இருந்தது. கோணல் இல்லாத கோடு. அவர் எப்போதும் இடமிருந்து வலமாக, ஒரே இழுப்பில் போடுவார்.

ஒரு கணம், ஃபிட்டர்தான் என்று நினைத்தார். பழக்கம். கையில் மஞ்சளை வைத்துக்கொண்டே நினைத்தார்.

பிறகு புதன்கிழமை காலை 7.52 ஞாபகம் வந்தது. புதன்கிழமைக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை.

அன்று தங்கையின் வண்டிக்கு முன்பக்கம் பிரேக் பேடு மாற்றிக்கொண்டிருந்தார். இடது சக்கரம் முடிந்தது. வலது சக்கரத்தை மாட்டி, நான்கு நட்டையும் விரலால் முடுக்கிவிட்டு, ஜாக்கியை இறக்கினார். டயர் தரையில் பட்ட பிறகுதான் கடைசி இறுக்கம். அதற்கென்று ஒரு டார்க் ரென்ச், அளவு வைத்து இறுக்குகிற நீளமான ஸ்பானர். வேண்டிய இறுக்கம் வந்ததும் கையில் டக்கென்று ஒரு தட்டு தட்டும். நான்கு நட்டுக்கு நான்கு தட்டு. அப்புறம் கோடு. அந்த ரென்ச்சைச் சுவரிலிருந்து எடுக்கத் திரும்பியபோதுதான் வாடகை வண்டிக்காரர் உள்ளே வந்தார்.

கத்தல். நான் இறுக்கினேன்ணே. பேய் வந்து கழட்டுச்சா. ஃபிட்டரின் சட்டையைப் பிடித்துத் தங்கையின் காருக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வந்தது. பையிலிருந்த மஞ்சள் மார்க்கரை எடுத்து மூடியை வாயால் கழற்றியது. வாயில் மூடியோடு சொன்ன வார்த்தைகள்கூட ஞாபகம் வந்தன.

"பதினோரு வருஷமா என்னத்தடா கத்துக்கிட்ட? பாரு. இறுக்கிட்டுத்தான் கோடு. இறுக்கிட்டுத்தான். பாரு. இப்படி. இப்படி. இப்படி. இப்படி."

நான்கு தடவை. நான்கு நட்டில்.

அதன் பிறகு மார்க்கரைத் தூக்கி எறிந்தார். ஃபிட்டர் தலைகுனிந்து நின்றான். அவன் கண் அந்தச் சக்கரத்தின்மேல் இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வாய மூடுடா என்றார் மெக்கானிக். அவன் மூடிக்கொண்டான். தங்கை வந்தாள், கப்பை அவரே மாட்டிக்கொடுத்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

பதினோரு நாள். தங்கை, மழைமானி, சில நாள் மருமகள். நாளைக்கு நாற்பத்திரண்டு வளைவு.

மெக்கானிக் எழுந்து போய்க் குழாயில் முகத்தைக் கழுவினார். திரும்பி வந்து ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தின் ரிம்மில் போல்ட் போகிற ஓட்டைகள் சப்பி நீள்வட்டமாகியிருந்தன. ஒரு போல்ட்டின் மரை பாதிக்கு மேல் மழுங்கிவிட்டது. மற்ற மூன்று நிற்கும். மூன்று போதும் என்று வேறு எவனாவது சொல்லியிருந்தால் அவன் மூஞ்சியில் காறித் துப்பியிருப்பார்.

பட்டறையில் யாரும் இல்லை. சக்கரத்தை மாட்டலாம். மூன்றை நன்றாக இறுக்கி, நான்காவதைப் பேருக்கு வைத்து, கப்பால் மூடலாம். ஆக்ஸில் வந்ததும் மாற்றிவிடலாம். சத்தம் போய்விடும். ஜாயிண்ட்தான் என்று சொன்னேனே மாப்ள என்று சொல்லலாம். மழைமானி கட்டத்தில் எழுதிக்கொள்வார். தங்கை கண்ணை மூடிக்கொண்டு மலை ஏறுவாள்.

இதை அவர் நினைக்கத்தான் செய்தார். டயர்மேல் உட்கார்ந்து, ஒரு பீங்கான் டம்ளர் ஆறிப்போன டீயைக் குடித்து முடிக்கிற நேரம் நினைத்தார். எங்கேயும் ஓட்டை இல்லாத யோசனை. அந்த ஒரு போல்ட்டைத் தவிர.

பிறகு ஃபோனை எடுத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போட்டார். எடுத்தது முதலாளி இல்லை. அந்தக் குரல் அவருக்குத் தெரியும்.

"சொல்லுங்கண்ணே."

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை வந்தாரா?"

"இங்கதான் நிக்கறார். ஆக்ஸில் எடுத்து வச்சுட்டேன்."

"ஆக்ஸில் வேண்டாம்."

"வேண்டாமா?"

"வீல் போல்ட் நாலு. நட்டு நாலு. ஒரு ரிம்மு. அதே வண்டிக்கு."

அந்தப் பக்கம் பெட்டி நகர்த்துகிற சத்தம் நின்றது.

"வலது முன்னாடியாண்ணே?"

"உனக்கெதுக்குடா எந்தப் பக்கம்னு? கேட்டதை எடுத்து வை."

"சரிண்ணே. ரிம்ம அவரால தூக்கிட்டு வர முடியாது. நானே வண்டியில கூட்டிட்டு வரேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

கால் மணி நேரத்தில் பைக் சத்தம் கேட்டது. ஃபிட்டர் ஓட்டி வந்தான். பின்னால் மழைமானி, ஒரு கையில் குடை, இன்னொரு கையால் தொடைமேல் ரிம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சர்க்கஸ்காரன்போல உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையில் கறை. முகத்தில் சந்தோஷம். பைக்கில் ஏறி ரொம்ப நாளாகியிருக்கும்.

ஃபிட்டர் வாசலுக்கு வெளியிலேயே பைக்கை நிறுத்தினான். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே வரவேண்டாம் என்று சொன்ன பட்டறை. சொன்னதை மதிக்கிறானாம். மெக்கானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் வந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால்கூடத் தேவலை.

மழைமானி ரிம்மைச் சுவரோரம் சாய்த்து வைத்து, சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்தார். கழற்றிய சக்கரத்தைப் பார்த்தார். கழற்றாத ஆக்ஸிலைப் பார்த்தார். தரையில் கிழிந்த துணிமேல் வரிசையாக வைத்திருந்த நான்கு நட்டையும் பார்த்தார். நான்கும் மேல்நோக்கி இருந்தன. நான்கிலும் மஞ்சள்.

மெக்கானிக் காத்திருந்தார். இருபத்தொரு வருஷத்துக் கணக்கையும் ஒரு வார்த்தையில் தீர்த்துக்கொள்ள மனிதனுக்கு இதைவிட நல்ல நேரம் வராது. அவராக இருந்தால் விட்டிருக்க மாட்டார். நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

"ஜாயிண்ட் நல்லாத்தான் இருக்கா மச்சான்?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்பாடா." உண்மையாகவே மூச்சு விட்டார். "நாளைக்குப் போகலாம்ல?"

"போகலாம். போல்ட்ட மாத்தி, நான் ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுத் தரேன்."

"அது போதும்."

மழைமானி கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்தார். முப்பத்தொன்பதாவது வரி போட்டார். தேதி. கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம். இடம்: மச்சான் பட்டறை. திரும்பிய பக்கம், வேகம், சத்தம் மூன்றிலும் சின்னதாக ஒவ்வொரு கோடு இழுத்தார். பேனா ஏழாவது கட்டத்துக்கு வந்து நின்றது.

அந்த முகத்தில் மெக்கானிக் தேடினார். ஒரு நக்கல், ஒரு ஓரச் சிரிப்பு, எதுவாவது. எதுவும் இல்லை. மழைக்குழாய் முன்னால் நின்று தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற முகம் இப்படித்தான் இருக்கும். குழாய்மேல் அதற்குக் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. என்ன இருக்கிறதோ அதை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

வாசலில் ஃபிட்டர் பைக்கின் இஞ்சினை நிறுத்தினான். தெரு அமைதியாகிவிட்டது. ஃபிட்டர் நட்டுகளைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. கைப்பிடியின் மேல் முழங்கையை வைத்துக்கொண்டு மெக்கானிக்கின் வாயைப் பார்த்தான்.

மெக்கானிக் குனிந்து டார்க் ரென்ச்சைத் தேடினார். அது சுவரில், அதன் கறுப்பு நிழல்மேல் சரியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மழைமானி பேனாவை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"காரணம்னு என்ன எழுதட்டும், மச்சான்?"